எதைக் குளிரவிடலாம்?

தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். கார்த்திகை தீர்ந்து மார்கழி பிறக்கும் நாட்களில் ஒரு காலை, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டு விழாது. தமிழ்நாட்டுச் சமவெளி வீடுகளில் குளிர் வந்துவிட்டது என்பதற்கு இதைவிட நம்பகமான அறிவிப்பு கிடையாது. அதே காலையில் வீட்டுக்குள் வேறு சிலரும் இடம் மாறியிருப்பார்கள். ஜன்னல் திண்டில் தூங்கிக்கொண்டிருந்த பூனை செட்டாப் பாக்ஸின் மேல் ஏறியிருக்கும். வாசலில் கால்களை நீட்டி மல்லாந்து கிடந்த நாய், மூக்கை வாலுக்கடியில் செருகி வட்டமாகச் சுருண்டிருக்கும். கண்ணாடித் தொட்டியின் பொன்மீன்கள் அடியில் அசையாமல் நிற்க, நேற்றுப் போட்ட தீனி மேலே ஊறிக்கொண்டிருக்கும். கூண்டில் லவ் பேர்ட்ஸ் (நம் ஊர்க் கடைகளில் பட்ஜெரிகர் கிளிகளுக்கும் இதுதான் பெயர்) ஒன்றரை மடங்கு பருமனாகத் தெரியும்.

இந்த நால்வரும் ஒரே சிக்கலுக்கு நான்கு விதமாக விடை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த விடைகளில் எனக்கு மிகப் பிடித்த அம்சம் ஒன்று உண்டு. குளிர் வந்தால் உடலை எப்படிச் சூடாக்குவது என்றுதான் நாம் யோசிப்போம். விலங்குகளின் உடல் முதலில் கேட்கும் கேள்வி வேறு: எந்தப் பகுதியைக் குளிரவிடலாம்?

பூனையிலிருந்து தொடங்குவோம். டிசம்பர், ஜனவரியில் சென்னையின் இரவுகள் சராசரியாக 21, 22 டிகிரி வரை இறங்கும். இதற்குப் போய் மஃப்ளர் கட்டுவதா என்று வடக்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். பூனை சிரிக்காது. ஒவ்வொரு வெப்ப ரத்த விலங்குக்கும் ஒரு சௌகரியமான எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் சுற்றுப்புறம் இருக்கும்வரை, உடல் சூட்டைக் காக்கக் கூடுதலாக எதையும் எரிக்க வேண்டாம். தணிக்கவும் மெனக்கெட வேண்டாம். இதை வெப்பச் சமநிலை வரம்பு என்கிறார்கள். வீட்டுப் பூனைக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி வரை. மின்விசிறியைக் கூட்டிவைத்துக்கொண்டு நாம் புலம்பும் மே மாத மதியம்தான் பூனையின் சொர்க்கம். அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை வறண்ட, வெப்பமான நிலத்துப் பிறவி. அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் சென்னையின் மார்கழி இரவு, பூனையின் வசதியான எல்லைக்கு எட்டு ஒன்பது டிகிரி கீழே. கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும் எந்த மின்சாதனத்தையும் அது தேடிக் கண்டுபிடிப்பது சோம்பலால் என்று சொல்வது அநியாயம். அது எரிபொருளை மிச்சப்படுத்துகிறது.

நாய்க்கு அந்த வரம்பு தாழ்வானது. பொதுவாக 20 முதல் 30 டிகிரி என்று சொல்வார்கள். ஆனால் இனத்துக்கு இனம் மாறும். விலங்குக்கு விலங்கு எவ்வளவு மாறும் என்பதைக் காட்டியது 1950இல் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வு. பெர் ஷோலாண்டர் என்ற உடலியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அலாஸ்காவின் வடமுனையில் உள்ள பாயிண்ட் பேரோவிலும், வெப்ப மண்டலமான பனாமாவிலும் விலங்குகளைப் படிப்படியாகக் குளிரூட்டி, அவை எவ்வளவு ஆக்சிஜனைச் செலவிடுகின்றன என்று அளந்தார்கள். ஆக்சிஜன் செலவு கூடினால், உடல் தன் அடுப்பைத் தூண்டிவிட்டிருக்கிறது என்று பொருள். பனாமா விலங்குகள் பல, 20 டிகிரிக்கு மேலே இருக்கும்போதே அடுப்பைத் தூண்டத் தொடங்கின. ஆர்க்டிக் நரியோ மைனஸ் 40 டிகிரி வரை தன் அன்றாடச் செலவைக் கூட்டவே இல்லை. உடலின் உள்வெப்பம் இரண்டு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அடுப்பில் இல்லை, சுவரில் இருந்தது.

அந்தச் சுவர்தான் ரோமம். உண்மையில் ரோமம்கூட இல்லை. ரோமங்களுக்கு இடையே சிக்கி அசையாமல் நிற்கும் காற்று. நீரைவிடக் காற்று இருபது மடங்குக்கும் மேல் மோசமான வெப்பக் கடத்தி. அதைச் சிறைபிடித்து வைத்தால் வெப்பம் வெளியே போக வழி தெரியாமல் நிற்கும். நாய், பூனையின் ஒவ்வொரு முடிக்கற்றையின் வேரிலும் மிக நுண்ணிய தசை ஒன்று ஒட்டியிருக்கிறது. குளிர்ந்ததும் அது சுருங்கி முடியை நிமிர்த்தும். சுவரின் தடிமன் கூடும். நமக்கும் அந்தத் தசைகள் உண்டு. நிமிர்த்துவதற்குத்தான் முடி போதவில்லை, வெறும் சிலிர்ப்பாக முடிந்துவிடுகிறது. இதே காரணத்தால், நனைந்த நாய்க்குக் குளிர் பல மடங்கு: காற்று இருந்த இடத்தில் எல்லாம் நீர் புகுந்துவிடுகிறது. மார்கழியில் நாயைக் குளிப்பாட்டுவதென்றால் உச்சி வெயிலில் குளிப்பாட்டுங்கள். துவட்டும் வேலையை நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

குளிர்நாட்டு நாய்களின் ரோமம் இரண்டடுக்கு. மேலே நீண்ட, முரட்டு முடி. அடியில் பஞ்சு போன்ற அடர்ந்த ஓர் அடுக்கு. நம் ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைத் தடவிப் பாருங்கள்: ஒட்டிய, குட்டையான ரோமம்; அதற்கடியில் நேரே தோல்; தோலுக்கடியில் கொழுப்பென்று சொல்ல ஏதுமில்லை. வெயிலில் ஓடி வேட்டையாடுவதற்காக வளர்க்கப்பட்ட உடம்பு அது. ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ சிப்பிப்பாறையைக் கூட்டிப்போகிறவர்கள் அதற்கு ஒரு சட்டை எடுத்துவைத்தால், அதைப் பணக்காரர்களின் செல்லம் கொஞ்சல் என்று கேலி செய்ய எனக்குத் தோன்றாது.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடலாம். குளிர் பட்டதும் ரோமம் அடர்ந்து வளரும் என்று நினைக்கிறோம். முதன்மையான சமிக்ஞை குளிர் இல்லை, பகல் வெளிச்சம். இருட்டு நீளும்போது மூளைக்குள் இருக்கும் கூம்புச் சுரப்பி, மெலட்டோனின் என்ற ஹார்மோனை அதிக நேரம் சுரக்கிறது. அந்தக் கால அளவை வைத்தே உடல் நாட்காட்டியைப் படித்துக்கொள்கிறது. வெப்பநிலை நாளுக்கு நாள் ஏறி இறங்கும், ஏமாற்றும். பகலின் நீளம் ஏமாற்றாது. மாஸ்கோவில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பத்து மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு. சென்னையிலோ சுமார் ஒன்றரை மணி நேரம்தான். போதாக்குறைக்கு இரவு பதினோரு மணி வரை கூடத்தில் எல்.இ.டி. விளக்கு. சென்னை அடுக்குமாடியில் வாழும் ஹஸ்கி என்ற குளிர்நாட்டு நாயின் உடலுக்கு எந்த மாதம் என்றே பிடிபடாமல், வருடம் முழுவதும் சோபாவில் முடி கொட்டிக்கொண்டே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, சுவர் எழுப்பியாயிற்று. சுவர் இல்லாத இடங்களை என்ன செய்வது? பாதங்களைப் பாருங்கள். நாயின் உள்ளங்காலில் ரோமம் கிடையாது, நேரே தரையில் பதிகிறது. அதற்குள் ரத்தம் ஓடியே ஆக வேண்டும். ஓடும் ரத்தம் குளிர்ந்துதான் திரும்பும். நான்கு கால்களிலிருந்தும் குளிர்ந்த ரத்தம் இடைவிடாமல் நெஞ்சுக்குப் போனால் அடுப்பு தாங்காது.

விடை குழாய் அமைப்பில் இருக்கிறது. பாதத்துக்குச் சூடான ரத்தத்தைக் கொண்டுபோகும் தமனிகளை, அங்கிருந்து குளிர்ந்து திரும்பும் சிறு சிரைகள் வலைபோலச் சுற்றிப் பின்னியிருக்கின்றன. எதிரெதிர்த் திசையில் ஓடும் இரண்டு ரத்தமும் உரசிக்கொண்டு போகும்போது, இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்திடம் கொடுத்துவிடுகிறது. பாதத்தை அடையும்போது அதனிடம் இழக்கப் பெரிதாகச் சூடு மிச்சமிருக்காது. திரும்பும் ரத்தமோ வழியிலேயே சூடேறி, உடலுக்குள் வெதுவெதுப்பாக நுழைகிறது. இதன் பெயர் எதிரோட்ட வெப்பமாற்றம். பென்குவினின் காலிலும் திமிங்கலத்தின் நாக்கிலும் இந்த அமைப்பு இருப்பது தெரிந்ததுதான். சாதாரண வீட்டு நாயின் பாதத்திலும் அதே பின்னல் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011இல் மின்னணு நுண்ணோக்கியின் வழியே படம்பிடித்துக் காட்டினார்கள். பனியே பார்த்திராத தெருநாயும் இந்தப் பின்னலோடுதான் திரிகிறது.

சேமிப்பு எந்த அளவுக்குப் போகும்? 1972இல் வெளியான ஒரு சோதனையில், ஆர்க்டிக் நரி, ஓநாய் இவற்றின் பாதங்களை மைனஸ் 35 டிகிரிக் குளிர்திரவத்தில் வைத்தார்கள். பாதத்தின் வெப்பநிலை இறங்கிக்கொண்டே வந்து மைனஸ் 1 டிகிரிக்கு அருகே நின்றுவிட்டது. திசுக்கள் உறைந்துபோகும் புள்ளிக்கு ஒரு நூலிழை மேலே. உடல் அதற்குமேல் ஒரு பைசாகூடக் கூடுதலாகச் செலவழிக்கவில்லை. அதற்குக் கீழே இறங்கவும் விடவில்லை. நெஞ்சுக்குள் 38 டிகிரி, சில சாண் தள்ளி, அதே உடலின் பாதத்தில் மைனஸ் 1.

இங்கே நம் எண்ணெய்ப் பாட்டிலுக்கு வேலை வருகிறது. பாதம் அவ்வளவு குளிர்ந்தால் அதிலுள்ள கொழுப்பு உறைந்து கட்டியாகிவிடாதா? ஆகாது, ஏனென்றால் அங்கே இருப்பது வேறு கொழுப்பு. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்கள். அவற்றின் மூலக்கூறுகள் நேரானவை, நெருக்கமாக அடுக்கிக்கொண்டு சீக்கிரம் இறுகும். நல்லெண்ணெயில் பெரும்பகுதி நிறைவுறாதவை. அவற்றின் மூலக்கூறுகளில் இடையிடையே ஒரு வளைவு இருப்பதால் நெருங்கி அடுக்க முடியாது, அதே அலமாரியில் அதே குளிரில் திரவமாகவே நிற்கும். விலங்கின் காலிலும் இந்த இரண்டு பாட்டில்களும் உண்டு. தொடையெலும்பின் மஜ்ஜையில் இருக்கும் கொழுப்பு சீக்கிரம் இறுகும் வகை. கீழே போகப்போக வளைவுள்ள மூலக்கூறுகளின் பங்கு கூடி, பாதத்தருகே இருப்பது கடுங்குளிரிலும் இளகியே இருக்கும். மாட்டின் கால் பகுதியிலிருந்து எடுக்கும் எண்ணெயைத் தோல் பொருட்களை மென்மையாக்கப் பயன்படுத்துவதும் இந்தக் குணத்துக்காகவே. குளிரவிடப்போகும் இடத்துக்கு ஏற்ற கொழுப்பை உடல் முன்கூட்டியே அனுப்பிவைத்திருக்கிறது.

அடுத்து, மூக்கு. நாயின் மூக்கு ஜில்லென்று இருந்தால் ஆரோக்கியம், சூடாக இருந்தால் காய்ச்சல் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். இந்த வைத்தியத்தை நம்ப வேண்டாம். ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, விழித்திருக்கும் நாயின் மூக்கு நுனி, 30 டிகிரி அறையில் அந்த அறையைவிடவே சுமார் 5 டிகிரி குளிர்ந்திருந்தது. தூங்கும்போது அதே மூக்கு வெதுவெதுப்பாகிறது. தூங்கி எழுந்த நாயின் மூக்கு சூடாக இருப்பது இயல்பே. காய்ச்சலை அறிய வெப்பமானிதான் வழி, 38.3 முதல் 39.2 வரை நாய்க்கு இயல்பான வெப்பம். நமக்கு அது காய்ச்சல்.

ஈரத்தால் மூக்கு குளிர்கிறது என்பது பாதி விடை. இவ்வளவு குளிர்ச்சியாக அதை வைத்திருப்பதால் நாய்க்கு என்ன லாபம்? 2020இல் லுண்ட் ஆய்வாளர்களும் புடாபெஸ்ட் நகரின் எத்வோஷ் லோராண்ட் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு, மலைக்க வைக்கும் ஒரு விடையைத் தந்தது. பழக்கப்படுத்திய மூன்று நாய்கள், சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 12 டிகிரி வெப்பமான ஒரு பொருளை, 1.6 மீட்டர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொண்டன. வாசனையும் பார்வையும் உதவாதபடி சோதனையை அமைத்திருந்தார்கள். நாயின் மூக்கு நுனி வெப்பக் கதிர்களை உணர்கிறது. வெப்பக் கதிர்களை அளக்கும் கருவி, அளக்கப்படும் பொருளைவிடக் குளிர்ந்திருந்தால் நுட்பமாக அளக்கும். நுட்பமான அகச்சிவப்புக் கேமராக்களைக் குளிரூட்டி வைப்பதும் அதற்காகவே. தாய்நாயின் மடியைக் கண் திறக்காத குட்டி தேடிப் போவதில் இந்த உணர்வுக்கும் பங்கு இருக்கலாம். இவ்வளவு அரிய கருவியைத்தான் தூங்கும்போது வாலுக்கடியில் பத்திரப்படுத்துகிறது நம் வாசல் நாய். மூக்கும் ரோமம் மெலிந்த வயிறும் உள்ளே மறைய, வெளியே தெரிவது அடர்ந்த முதுகு மட்டும்.

உடல் எந்தெந்தப் பகுதியைக் குளிரவிடுகிறது என்பதை மை தொட்டு வரைந்து காட்டும் ஒரு விலங்கும் நம் வீடுகளில் உண்டு: சயாமீஸ் பூனை. உடல் வெளிர் நிறம்; காது, முகம், பாதம், வால் மட்டும் கரும்பழுப்பு. நிறமியைத் தயாரிக்கும் டைரோசினேஸ் என்ற நொதியில் இந்தப் பூனைக்கு ஒரு மரபணுப் பிழை. உடலின் இயல்பான சூட்டில் அந்த நொதி வேலை செய்யாது; சில டிகிரி குளிர்ந்த இடத்தில் மட்டும் வேலை செய்யும். அதனால் குளிர்ந்த ஓரங்கள் கறுக்கின்றன, சூடான நடுப்பகுதி வெளுக்கிறது. தாயின் வயிற்றில் எங்கும் ஒரே சூடு என்பதால் குட்டிகள் முழு வெள்ளையாகப் பிறக்கும். பிறகு ஒவ்வொரு நாளும் காது நுனியிலிருந்து நிறம் ஊறி வரும். ஹிமாலயன் முயலுக்கும் இதே பிழை. அதன் முதுகில் ஒரு பகுதியை மழித்து, அங்கே பனிக்கட்டிப் பொதியைக் கட்டிவைத்தால் வெள்ளை முதுகில் ஒரு கறுப்புத் திட்டு முளைக்கும். பள்ளிப் பாடநூல்களில் இடம்பிடித்துவிட்ட சோதனை இது. குளிரான அறையில் வளரும் சயாமீஸ் பூனை கருமை கூடித் தெரியும் என்பதை 1930லேயே ஆய்ந்து எழுதிவிட்டார்கள். வெப்ப வரைபடத்தைத் தோலிலேயே அணிந்து திரிகிற விலங்குகள் இவை.

வளர்ந்தவற்றுக்கு ஓரங்களைக் குளிரவிடும் வசதி உண்டு. பிஞ்சு உடலுக்கு அது கிடையாது. அங்கே உடல் முழுவதுமே ஓரம்தான். புதிதாய்ப் பிறந்த நாய்க்குட்டிக்கு நடுங்கக்கூடத் தெரியாது. நடுக்கம் என்பது தசைகள் வேலையின்றித் துடித்துச் சூடு உண்டாக்கும் உத்தி. அந்தத் திறமை வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதுவரை தாயும் கூடப் பிறந்தவையும்தான் அடுப்பு. தனியாக ஒதுங்கிப்போன குட்டி 21 டிகிரி இரவில்கூட ஆபத்தான அளவுக்குக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த குட்டிக்குக் குடல் சரியாக இயங்காது. இரக்கப்பட்டு உடனே பால் புகட்டுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். முதலில் மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும், பிறகுதான் பால்.

முயலின் கதை இன்னும் விசித்திரம். தாய்முயல் பிரசவத்துக்கு முன் தன் வயிற்று ரோமத்தைத் தானே பிடுங்கிக் கூட்டில் மெத்தை அமைக்கும். குட்டிகள் ரோமமின்றி, கண் மூடிப் பிறக்கும். அதன்பின் தாய் அந்தக் கூட்டில் படுத்து அவற்றை அணைத்துக்கொள்ளும் என்றுதானே எதிர்பார்ப்போம்? ஒரு நாளைக்கு ஒரே முறை, மூன்று நான்கு நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். வேட்டை விலங்குகளுக்குக் கூட்டைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க, காட்டு முயல்கள் கற்ற பாடம். மீதி இருபத்துமூன்றே முக்கால் மணி நேரத்துக்கும் மேல் குட்டிகள் தாமே சமாளிக்க வேண்டும். குவியலாக ஒட்டிக்கிடந்து, ஓரத்திலிருப்பது நடுவுக்கும் நடுவிலிருப்பது ஓரத்துக்குமாகப் புரண்டுகொண்டே இருக்கும். தாய் வராததைப் பார்த்து, கைவிட்டுவிட்டது என்று பதறிக் குட்டிகளைக் கையில் எடுப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கலாம்.

முயல்குட்டிகளின் தோள்பட்டைகளுக்கு நடுவே ஒரு ரகசிய அடுப்பு இருக்கிறது. பெயர் பழுப்புக் கொழுப்பு. சாதாரண வெள்ளைக் கொழுப்பு முதன்மையாகச் சேமிப்புக் கிடங்கு. பழுப்புக் கொழுப்பின் செல்களில் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அவற்றிலுள்ள இரும்புதான் பழுப்பு நிறம் தருகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வழக்கமான வேலை, உணவை எரித்து, ஒரு சவ்வின் ஒரு பக்கத்தில் புரோட்டான்களைத் தேக்கி, அவை மறுபக்கம் பாயும் வேகத்தில் உடலுக்கான ஆற்றல் மூலக்கூறுகளைத் தயாரிப்பது. மேட்டூர் அணையில் தேக்கிய நீரைச் சுழலி வழியே விட்டு மின்சாரம் எடுப்பது மாதிரி. பழுப்புக் கொழுப்பில் மட்டும் அந்தச் சவ்வில் ஒரு மதகு இருக்கிறது. தெர்மோஜெனின் என்ற புரதம். குளிர் என்று நரம்புகள் சொன்னதும் மதகு திறக்கும். புரோட்டான்கள் சுழலிப் பக்கம் போகாமல் மதகு வழியே பாய்ந்துவிடும். ஆற்றல் மூலக்கூறு ஒன்றும் கிடைக்காது. எரித்தது அத்தனையும் வெப்பம். பொறியாளர் கண்ணுக்கு இது நூறு சதவீத வீணடிப்பு. குட்டிக்கு அதுதான் உயிர். நம் கைக்குழந்தைகளுக்கும் இந்தக் கொழுப்பு உண்டு.

ஓரங்களைக் குளிரவிடுவது ஒரு படி. முழு உடலையுமே குளிரவிட்டால்? ரஷ்ய ஸ்டெப்பி நிலத்திலிருந்து வந்த குள்ள ஹாம்ஸ்டர் ஒன்று செல்லப்பிராணிக் கடைகளில் ‘வின்டர் ஒயிட்’ என்ற பெயரில் விற்கிறது. பகல் நேரம் வாரக்கணக்கில் குறுகிக்கொண்டே போனால் அதன் சாம்பல் ரோமம் வெளுக்கும். அதோடு, சில நாட்களில் பகல் வேளையில் சில மணி நேரம் தன் உடல்சூட்டை 37 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கோ அதற்கும் கீழேயோ இறக்கிவிடும். இதயத்துடிப்பு சரிந்து, மூச்சு எண்ணி எண்ணி வரும். குறுந்துயில் என்று இதைச் சொல்லலாம்: ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிற உறக்கநிலை. மாலையில் மீண்டும் சூடேறி எழுந்து தீனி தேடும். செத்துவிட்டது என்று புதைக்கப்போய், கையின் சூட்டில் அது எழுந்து உட்கார்ந்ததாகக் கதைகள் கேட்பது இதனால்தான். அசைவற்ற ஹாம்ஸ்டரைப் பார்த்தால் முதலில் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துக் காத்திருங்கள். (குளிரில் ஒடுங்கும் இன்னொரு பிராணி நட்சத்திர ஆமை. அதை வீட்டில் வைத்திருப்பது வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆகவே அதற்கு இந்தக் கட்டுரையிலும் இடமில்லை.)

பொன்மீனுக்கோ காக்க வேண்டிய சூடு என்று ஒன்றே கிடையாது. நீர் எந்த வெப்பமோ அதுவே மீனின் வெப்பம். நீர் பத்து டிகிரி குளிர்ந்தால் அதன் உடலின் வேதிவினைகள் ஏறக்குறைய பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். அதனால்தான் தீனி மிதக்கிறது. மீனுக்குப் பசி குறைந்திருக்கிறது. நீங்களும் தீனியைக் குறைத்துவிடுங்கள், மிஞ்சுவது தொட்டியை நாறடிக்கும்.

வேகம் குறைவது எளிய பகுதி. கடினமான பகுதி, நம் தேங்காய் எண்ணெய்ச் சிக்கல். உடலின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருப்பது கொழுப்பாலான ஒரு மெல்லிய சவ்வு. குளிரில் அது இறுகிவிட்டால் செல் செயலிழக்கும். பொன்மீன் என்ன செய்கிறது தெரியுமா? நீர் குளிரக் குளிர, தன் சவ்வுகளின் கொழுப்பு மூலக்கூறுகளில் நொதிகளைக் கொண்டு வளைவுகளைப் புகுத்துகிறது. தேங்காய் எண்ணெயாக இருந்ததை நல்லெண்ணெய் மாதிரி மாற்றிக்கொள்கிறது. கோடை வந்தால் திரும்பவும் மாற்றும். உடம்பு முழுக்க, கோடிக்கணக்கான செல்களில், நீந்திக்கொண்டே. இந்த மாற்றத்துக்கு நாட்கள் தேவை. மார்கழிக் காலையில் குழாய் நீரை மொத்தமாக மாற்றிவிட்டு, மீன் ஏன் சுணங்கிவிட்டது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். கால் பங்கு நீரை மட்டும், ஒரே வெப்பத்தில், மாற்றினால் போதும்.

பொன்மீனிடம் இன்னொரு வித்தையும் இருக்கிறது. நம் ஊரில் அதற்கு வேலையே வராது என்றாலும் சொல்லாமல் விட முடியவில்லை. வட ஐரோப்பாவில் ஏரிகள் மேலே உறைந்துவிட்டால், அடியிலுள்ள நீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். பிற மீன்கள் இறந்துவிடும். பொன்மீனும் அதன் நெருங்கிய உறவான குரூசியன் கெண்டையும் ஆக்சிஜன் இல்லாமலேயே தாக்குப்பிடிக்கும், கெண்டை மாதக்கணக்கில்கூட. ஆக்சிஜன் இல்லாதபோது தசைகளில் சேரும் லாக்டிக் அமிலத்தை இவை எத்தனால் ஆக்கிச் செவுள் வழியே வெளியேற்றிவிடுகின்றன. எத்தனால் என்றால் சாராயத்தில் இருக்கும் அதே ஆல்கஹால். 1980இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்புக்கு, மரபணு வழி விளக்கம் 2017இல் கிடைத்தது: சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இவற்றின் மூதாதையில் மரபணுத் தொகுப்பு முழுவதும் இரட்டிப்பானபோது, ஒரு நொதியின் உபரிப் பிரதி இந்த வேலைக்குத் திரும்பிவிட்டது. பனிக்கடியில் குரூசியன் கெண்டையின் ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும். இந்திய மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் வரம்பு 30.

கிளிகளைப் பற்றிச் சுருக்கமாக. பட்ஜெரிகரின் எடை முப்பது, நாற்பது கிராம்தான். உடல் சூடோ 41 டிகிரியை ஒட்டியது. சிறிய உடலுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் வடியும். அதனால் இறகை உப்பி, ஒரு காலை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பறவைக்குப் பழுப்புக் கொழுப்பு கிடையாது, மார்புத் தசைகளைத் துடிக்கவிட்டுத்தான் சூடாக்கிக்கொள்ளும். இரவில் உப்பியிருந்தால் கவலை வேண்டாம். வெயில் ஏறிய பிறகும் உப்பிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் அது நோய். மருத்துவரிடம் போக வேண்டிய நேரம். கூண்டை இரவில் துணியால் மூடுங்கள், ஆனால் சமையலறைக்குள் நகர்த்தாதீர்கள்: நான்ஸ்டிக் பாத்திரம் அடுப்பில் தீய்ந்தால் வரும் புகை, நமக்குத் தெரியும் முன்பே பறவையைக் கொன்றுவிடும்.

மறுபடியும் பூனை, ஏனென்றால் அதன் தோலில் ஓர் ஆபத்தான விந்தை இருக்கிறது. பூனையின் மூக்கும் மேலுதடும் அரை டிகிரிக்கும் குறைவான வெப்ப மாற்றத்தைக் கண்டுபிடிக்கும். ரோமம் மூடிய உடலோ வெப்பத்துக்கு ஏறக்குறைய மரத்தது. 1960களில் அமெரிக்க உளவியலாளர் டான் கென்ஷாலோ சோதித்தபோது, பூனையின் ரோமத்தோல் 50 டிகிரியைத் தாண்டிய பிறகே அது விலகியது. மனிதத் தோல் 44, 45 டிகிரியிலேயே வலியால் கையை இழுக்க வைக்கும். சுவர் அவ்வளவு நன்றாக எழுப்பியதன் விலை இதுவாக இருக்கலாம்: குளிர் உள்ளே வராது, சூட்டின் எச்சரிக்கையும் உள்ளே வராது. ஹீட்டரின் முன் ரோமம் பொசுங்கும் வாடை வந்த பிறகும் பூனை கண்ணை மூடிக் கிடப்பது அதனால்தான். வெந்நீர்ப் பையையோ மின்விரிப்பையோ பூனைக்குக் கொடுத்தால், மேலே தடித்த துணி போர்த்தி, தானே எழுந்து விலகிப்போக இடம்விட்டுக் கொடுங்கள்.

தெருவில் வாழும் பூனைக்குச் செட்டாப் பாக்ஸ் இல்லை; இரவு நிறுத்திய காரின் இன்ஜின் இருக்கிறது. அடியிலிருந்து ஏறி, சூடு ஆறாத இரும்பின் மேல் அது படுத்துக்கொள்ளும். நாய்க்குட்டிகள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒண்டும். தை முடியும் வரையாவது, காலையில் வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை நாலு தட்டுத் தட்டுங்கள். குனிந்து சக்கரங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சாவியைத் திருப்புங்கள்.